காது ஆபரேஷனுக்குப் பிறகு ருசி தெரியவில்லை, காரம் மட்டும் எரிவது ஏன்?

பாம்பனிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு இடது நடுக்காதில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நாக்கின் இடது பக்கம் உப்பும் புளிப்பும் சரியாகத் தெரியவில்லை, மீன் குழம்பின் காரம் மட்டும் வழக்கம்போல எரிகிறது, ஏன்?

கீழக்கரையில் பல் மருத்துவராக இருக்கிறேன். ருசியும் காரமும் ஒரே நரம்பில் வருவதில்லை, அதுதான் காரணம்.

நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் தொடுவது, சுடுவது, வலிப்பது எல்லாவற்றையும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளையான லிங்குவல் நரம்பு கொண்டுபோகிறது. அதே இடத்தின் ருசிக்கு ஏழாம் நரம்பின் கிளையான கார்டா டிம்பனை. மிளகாயில் உள்ள கேப்சைசின் சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத்தான் தூண்டும். ஆகவே நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயின் காரம் ஐந்தாம் நரம்புக்குச் சொந்தம். அம்மாவுக்கு அந்த நரம்பு நன்றாக இருக்கிறது.

கார்டா டிம்பனை போகும் வழிதான் ஆச்சரியம். ராமேஸ்வரத்தில் ஒரே பஸ்ஸில் ஏறிய இருவரில் ஒருவர் உச்சிப்புளியில் இறங்கி வேறு வழி போவதுபோல, லிங்குவல் நரம்போடு சேர்ந்து வந்து, பாதியில் பிரிந்து காதுக்குள் நுழைகிறது. செவிப்பறையை ஒட்டி, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நூலாகக் கடந்து ஏழாம் நரம்பில் சேர்கிறது. நடுக்காதில் வேலை செய்யும்போது அது இழுபடலாம். சில நேரம் நோயை முழுதாக எடுக்க வெட்டவே வேண்டிவரும்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மரப்பு ஊசி போடும்போது கதை வேறு. அந்த இடத்தில் லிங்குவல், கார்டா டிம்பனை இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன, அதனால் ருசியும் தொடுவுணர்வும் சேர்ந்தே மரக்கும். நாற்காலியில் இருப்பவர் நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்து, "பாதி நாக்கைக் காணோம், டாக்டர்" என்பார். பஞ்சால் தொட்டாலும் தெரியாது.

பின் மூன்றில் ஒரு பங்குக்கு ருசி, தொடுவுணர்வு இரண்டுமே ஒன்பதாம் நரம்பு. குரல்வளை மூடியை ஒட்டிய அடிநாக்குக்குப் பத்தாவது. இவற்றின் ருசி இழைகள் நடுக்காது வழியாகப் போவதில்லை. வலது பக்கமும் முழுதாக இருக்கிறது. அதனால்தான் அம்மாவுக்கு ருசி ஒரேயடியாகப் போய்விடவில்லை.

நரம்பு இழுபட்டிருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் ருசி திரும்பும். வெட்டியிருந்தாலும் பலருக்கு நாளடைவில் குறை பெரிதாகத் தெரிவதில்லை. ஆபரேஷன் செய்தவரிடமே நரம்பின் நிலையைக் கேளுங்கள். அதுவரை குழம்பில் உப்பை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும். ரத்த அழுத்தம் இருந்தால் கருவாட்டையும் குறையுங்கள். தொட்டாலும் தெரியாமல் நாக்கு மரத்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, அன்றே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.