குளிருக்கு கெட்டியா ஒரு சூப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் எந்த சூப் வெச்சாலும் தண்ணியாத்தான் வருது. கார்ன்ஃப்ளார் கரைச்சு ஊத்தினா அப்போதைக்கு கெட்டியாகுது, மறுபடி சூடு பண்ணினா ஒண்ணு நீர்த்துப் போகுது, இல்லனா பசை மாதிரி ஆயிடுது. பனி கொட்டுற ஊர்ல எல்லாம் கரண்டி நிக்கிற அளவுக்கு கெட்டியா வெக்கிறாங்களே, அப்படி என்னதான் போடறாங்க?

பதில்: கடைசில எதையும் கரைச்சு ஊத்தறதில்ல, அவ்ளோதான் ரகசியம். குளிர்காலத்துக்குன்னு அந்தந்த ஊர்ல எத சேத்து வெக்கிறாங்களோ அதுவே சூப்புக்குள்ள வெந்து கரைஞ்சு கெட்டி பண்ணிடுது. இத்தாலில டஸ்கனி பக்கம் ரிபொல்லிட்டான்னு ஒரு சூப் இருக்கு, வெள்ளை பீன்ஸ், காவோலோ நேரோன்னு கரும்பச்சையா நீளமா இருக்கற கீரை, கேரட், செலரி எல்லாம் போட்டு அதுல காஞ்சுபோன ரொட்டிய பிச்சுப் போட்டு ஊற விட்டுடுவாங்க. அந்த ஊர் ரொட்டில உப்பே இருக்காது, சும்மா சாப்பிட்டா சப்புனு இருக்கும், ஆனா சூப்புக்கு அதான் சரி, ஏன்னா ருசி எல்லாத்தையும் உறிஞ்சிக்கும். மறுநாள் திரும்ப கொதிக்க வெச்சா குடிக்கவே முடியாது, அள்ளித்தான் சாப்பிடணும்.

ஸ்காட்லாந்துல பார்லி. ஆட்டுக்கறி, லீக்ஸ், டர்னிப், காஞ்ச பட்டாணி கூட ஒரு கைப்பிடி பார்லிய போட்டு ஒரு மணி நேரம் சிம்ல விட்டுடறாங்க, அதுல இருந்து இறங்கற ஸ்டார்ச்சே போதும். போர்ச்சுகல்ல வடக்கே மின்யோ பகுதில கால்டோ வெர்டேன்னு ஒண்ணு செய்வாங்க, உருளைக்கிழங்கும் வெங்காயமும் பூண்டும் வேக வெச்சு, அதே தண்ணில மசிச்சு, கீரைய முடி மாதிரி மெல்லிசா நறுக்கி கடைசி மூணு நாலு நிமிஷம் மட்டும் கொதிக்க விடுவாங்க, மேல ஒரு துண்டு சோரிசோ சாசேஜ், கொஞ்சம் ஆலிவ் ஆயில், முடிஞ்சது.

எனக்கு ரொம்ப புடிச்சது லடாக், திபெத் ஆளுங்க யோசிச்ச வழிதான். லே இருக்கறது சுமார் 3,500 மீட்டர் உயரத்துல, அங்க தண்ணி 88 டிகிரி கிட்டயே கொதிச்சுடும், அதுக்கு மேல சூடாகாது, அதனால பச்சை தானியத்த அதுல போட்டு வேக வெக்கணும்னா விறகும் பொழுதும்தான் போகும். அவங்க பார்லிய முன்னாடியே வறுத்து அரைச்சு சம்பான்னு மாவா வெச்சுக்கறாங்க, கொதிக்கற எலும்புத் தண்ணில அத தூவி கிளறினா கெட்டி சூப் ரெடி. அந்த உயரத்துல இத விட புத்திசாலித்தனமா ஒரு சமையல் இருக்க முடியும்னு எனக்கு தோணல.

உங்க சூப்புக்கு கணக்கு சொல்லணும்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் பார்லி, இல்லனா கால் கிலோ உருளைக்கிழங்கு, இல்லனா ரெண்டு மூணு ஸ்லைஸ் காஞ்ச ரொட்டி, ஏதாவது ஒண்ணு போதும், மூணையும் சேத்து போட்டுடாதீங்க. பார்லி போட்டா மட்டும் மறுநாள் பாத்திரத்துல தண்ணியே இருக்காது, பயப்படாம வெந்நீர் ஊத்தி இளக்கிக்கங்க.

கேள்வி: உக்ரைன் போர்ஷ் வெச்சேன். வெக்கும்போது சூப்பரா சிவப்பா இருந்துச்சு, இறக்கும்போது பாத்தா செங்கல் கலர். பீட்ரூட் சரியில்லையா?

பதில்: பீட்ரூட் மேல பழி போடாதீங்க. அதோட சிவப்புக்கு காரணம் பீட்டாலைன்னு ஒரு நிறமி, அதுக்கு ரொம்ப நேரம் கொதிக்கறது ஆகாது, புளிப்பு இருந்தா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். நீங்க எல்லா காயையும் ஒண்ணா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விட்டிருப்பீங்க. அதுக்கு பதிலா பீட்ரூட்ட துருவி தனியா வாணலில எண்ணெய் விட்டு வதக்குங்க, வதக்கும்போதே ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சையோ விட்டு கொஞ்சம் தக்காளி பேஸ்ட் சேருங்க, அது மெத்துனு ஆனதும் எடுத்து வெச்சுக்கிட்டு, முட்டைக்கோசும் உருளையும் வெந்ததுக்கு அப்புறம் கடைசி பத்து நிமிஷத்துல கலந்து விடுங்க. அதுக்கப்புறம் தளதளன்னு கொதிக்கக் கூடாது. கலர் அப்படியே நிக்கும்.

இந்த சூப்புக்கு ஒரே ஒரு ரெசிபின்னு தேடாதீங்க, கிடைக்காது. பொல்டாவா பக்கம் மாவு உருண்டை போடுவாங்க, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி கறியே இல்லாம காஞ்ச காளான் போட்டு வெப்பாங்க, ஊருக்கு ஊர் வேற. 2022 ஜூலைல யுனெஸ்கோ, அவசரமா காப்பாத்த வேண்டிய பண்பாட்டு மரபுகள் பட்டியல்ல உக்ரைன் போர்ஷ் சமைக்கற வழக்கத்த சேத்துச்சு, போர்னால மக்கள் ஊர விட்டுப் போக வேண்டி வந்ததுதான் அந்த அவசரம்.

கேள்வி: ராஜ்மா ராத்திரி பூரா ஊற வெச்சும் சூப்புல வேகவே மாட்டேங்குது. ஸ்லோ குக்கர்ல போட்டு விட்டுட்டா சரியாயிடுமா?

பதில்: தயவு செஞ்சு பச்சை ராஜ்மாவ அப்படியே ஸ்லோ குக்கர்ல போடாதீங்க. அதுல லெக்டின்னு ஒரு நச்சு இருக்கு, நல்லா கொதிச்சாத்தான் அழியும், ஸ்லோ குக்கரோட மிதமான சூட்டுல அழியறதில்ல, வாந்தியும் வயித்துப் போக்கும் வந்து படுத்துடுவீங்க. குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊற வெச்சு, அந்த தண்ணிய கொட்டிட்டு, புது தண்ணில அரை மணி நேரம் தளதளன்னு கொதிக்க விட்டுட்டு அப்புறம் எதுல வேணா போடுங்க.

வேகாததுக்கு காரணம் பெரும்பாலும் தக்காளிதான். புளிப்பு இருந்தா பயறு தோல் இளகாது, அதனால பீன்ஸ் விரல்ல நசுங்கற பதத்துக்கு வெந்த அப்புறம்தான் தக்காளி, வினிகர் எல்லாம். சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தியா இருக்கற கடினத் தண்ணியா இருந்தாலும் லேட் ஆகும். ரொம்ப வருஷமா டப்பால கிடந்த பீன்ஸ்னா விட்டுடுங்க, கேஸ்தான் வேஸ்ட்.

கேள்வி: ஹங்கேரி குலாஷ் சூப் கசக்குது, ஏன்?

பதில்: குலாஷுக்குப் போடற பாப்ரிகாங்கற சிவப்பு மிளகாய்த் தூள் கருகிப் போச்சு. அதுல சர்க்கரை ஜாஸ்தி, சூடான எண்ணெய்ல விழுந்தா நொடில தீஞ்சுடும். வெங்காயம் வதங்கினதும் பாத்திரத்த அடுப்ப விட்டு இறக்கி, தூள போட்டு ரெண்டு கிளறு கிளறி, உடனே தண்ணி ஊத்துங்க, அப்புறம்தான் திரும்ப அடுப்புல ஏத்தணும்.

கேள்வி: எங்க வீட்ல சூப்னா சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கறதுன்னு ஒரே வாதம். அதுவே சாப்பாடா இருக்கற மாதிரி, ஆட்டுக்கறி சிக்கன் இல்லாம மீன்ல ஏதாவது?

பதில்: கல்லன் ஸ்கிங்க் வெச்சுக் குடுங்க, வாதம் அடங்கிடும். ஸ்காட்லாந்தோட வடகிழக்கு கடலோரத்துல கல்லன்னு சின்ன ஊர், அங்க ஹேடாக் மீன புகை போட்டு வெப்பாங்க. அந்த மீன பால்ல மெதுவா வேக வெச்சு எடுத்துட்டு, வெங்காயமும் உருளையும் வெந்த தண்ணில அந்த பால ஊத்தி, பாதி உருளைய மசிச்சு, மீன பெரிய பெரிய இதழா உதிர்த்து கடைசில போடணும். பால் ஊத்தின அப்புறம் ஓரத்துல சின்னதா குமிழ் வரும்போதே அடுப்ப குறைச்சுடுங்க, பொங்க விட்டா திரிஞ்சுடும். உப்பு கடைசில ருசி பாத்துட்டு, ஏன்னா புகை மீன்லயே உப்பு தூக்கலா இருக்கும். ஹேடாக் கிடைக்கலன்னா புகை போட்ட வேற எந்த வெள்ளை மீனும் சரிதான், ஆனா புகை வாசம் இல்லாத சாதா மீன்ல வெச்சா அது வேற சூப்.

கேள்வி: ஒரே தடவை பெரிய பாத்திரத்துல வெச்சு ஒரு வாரத்துக்கு வெச்சுக்கலாமா?

பதில்: ஃப்ரிட்ஜ்ல மூணு நாலு நாள், அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். பெரிய பாத்திரத்தோட அப்படியே மூடி வெச்சீங்கன்னா நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுன்னே இருக்கும், கிருமிக்கு அத விட நல்ல இடம் கிடையாது, அதனால அகலமான சின்ன டப்பாக்கள்ல பிரிச்சு ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும். போர்ஷும் பீன்ஸ் சூப்பும் மறுநாள் இன்னும் ருசியாவே இருக்கும். பால் ஊத்தினது, உருளைக்கிழங்கு துண்டு துண்டா இருக்கறது ரெண்டும் ஃப்ரீசருக்கு லாயக்கில்ல, பால் பிரியும், உருளை மணல் மணலா ஆயிடும். கீரைய மட்டும் சேக்காம எடுத்து வெச்சுட்டு, சூடு பண்ற அன்னிக்கு புதுசா நறுக்கிப் போடுங்க.