பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு கடவுளையும் நம்ப முடியுமா?

கேள்வி கேட்டவர் கிருஷ்ணகிரியில் பி.எஸ்சி. விலங்கியல் படிக்கும் மாணவி. கல்லூரியில் பரிணாமம் படிப்பதாகவும், வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவதாகவும், இரண்டில் ஏதோ ஒன்றுக்குத் துரோகம் செய்வதுபோல் மனசு உறுத்துவதாகவும் எழுதியிருக்கிறார்.

முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் வழியில் முடியாது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

நான் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். வீட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பும் உண்டு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காத குடும்பம். நானும் மனதாரக் கும்பிடுகிறவன்.

முதலில் அந்த வழக்கமான வழி. பரிணாமப் பாடம் தொடங்கியதுமே ஏதாவது ஒரு பையன் எழுந்து, "சார், தசாவதாரத்துலயே இதெல்லாம் இருக்குதுங்களே" என்பான். மீன், ஆமை, பன்றி, பாதி மிருகம், குள்ள மனிதன், முழு மனிதன் என்று வரிசையாகச் சொல்வான். டார்வினுக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க சொல்லிட்டாங்க என்று முடிப்பான். வகுப்பே கை தட்டும்.

ஆனால் இந்த ஒப்பீடு எழுந்ததே டார்வினின் நூல் 1859-ல் வந்த பிறகுதான். 1882-ல் வங்காளத்தின் கேசவ சந்திர சென் இப்படிப் பேசியிருக்கிறார். அதாவது டார்வினைப் படித்தவர்கள் திரும்பிப் போய் அவதாரங்களில் அதைக் கண்டார்கள். மேலும் பரிணாமம் ஒற்றை வரிசையில் ஏறிப் போவதில்லை, கிளை கிளையாகப் பிரிகிறது. ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. டார்வினின் உண்மையான கண்டுபிடிப்பு எந்த உயிருக்குப் பின் எந்த உயிர் என்கிற பட்டியலும் கிடையாது. உயிர்கள் எப்படி மாறுகின்றன என்பதற்கு இயற்கைத் தேர்வு என்ற காரணத்தைக் காட்டியதுதான். அது தசாவதாரத்தில் எங்கே இருக்கிறது?

சிவபுராணத்தின் "புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி" வரியையும் இதே வேலைக்கு இழுப்பார்கள். மாணிக்கவாசகர் அங்கே பேசுவது ஓர் உயிர் பிறந்து பிறந்து அலுத்த அலுப்பை. அந்த வரிகளைக் கண் கலங்கிப் பாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பாடநூல் விளக்கமாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

சரி, பரிணாமம் உண்மைதானா என்ற சந்தேகம் உள்ளவர்களுக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. நம் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. வாசலில் கட்டியிருக்கும் ஆடு தயாரித்துக்கொள்கிறது, நாயும் தயாரித்துக்கொள்கிறது. நமக்குத்தான் நெல்லிக்காயோ கொய்யாவோ வேண்டியிருக்கிறது. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சிதைந்து, வேலை செய்யாமல் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் குரங்குகளிடமும் அதே மரபணு அதேபோல் சிதைந்து கிடக்கிறது. கினிப்பன்றிக்கும் இது கெட்டுப்போயிருக்கிறது, ஆனால் வேறு விதமாக. நம்மையும் குரங்கையும் தனித்தனியாகப் படைத்திருந்தால், பயன்படாத ஒன்றை இருவருக்கும் ஒரே மாதிரி உடைத்து ஏன் வைக்க வேண்டும்? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிடம் ஒரு தடவை உடைந்தது, வழிவந்த எல்லோருக்கும் வந்து சேர்ந்தது என்பதே பொருந்துகிற விடை. "அப்புறம் ஏன் குரங்கு இன்னும் குரங்காவே இருக்குது" என்பார்களே, அதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒகேனக்கல்லில் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி.

கண்ணெதிரே நடப்பதையும் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் "போன வருஷம் அடிச்ச மருந்து இப்ப கேக்க மாட்டேங்குது" என்று சொல்லாத விவசாயி குறைவு. மருந்துக்குத் தப்பிய பூச்சிகள் மட்டும் பெருகி, தப்பிக்கும் தன்மையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான்.

இதை ஏற்றுக்கொண்டே கடவுளை நம்பியவர்கள் உண்டா என்றால், நிறைய உண்டு. பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதற்கும் பொருளில்லை என்று 1973-ல் எழுதிய மரபியலாளர் தியோடோசியஸ் டாப்ஜான்ஸ்கி கிறிஸ்தவ நம்பிக்கையுள்ளவர். 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். டார்வினே 1879-ல் ஒரு கடிதத்தில், தீவிரமான கடவுள் நம்பிக்கையும் பரிணாமத்தில் உறுதியும் ஒரே மனிதரிடம் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். அதேசமயம், உலகம் ஆறு நாளில் உண்டானது என்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்பவருக்கு இரண்டும் சேராது. சேர்வதுபோல் நடிப்பதில் பயனில்லை. நம் மாவட்டங்களில் காலடியில் கிடக்கும் பாறைகளில் பலவற்றுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டுகள்.

பெரிய பெயர்களைச் சொல்வதால் கேள்வி தீர்ந்துவிடாது. கஷ்டமான இடம் வேறு. அதைச் சொல்ல எங்கள் புழு மனைக்குள் உங்களைக் கூட்டிப்போக வேண்டும்.

பட்டுப்புழு வளர்க்கிற எல்லோருக்கும் ஊசி ஈயைத் தெரியும். பார்க்க வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரியது. சன்னலுக்கு வலை கட்டியிருந்தாலும் எங்காவது ஒரு கிழிசல் கிடைத்தால் போதும், உள்ளே வந்துவிடும். நன்றாகத் தின்று கொழுத்த, கடைசி வளர்ச்சிக் கட்டமான ஐந்தாம் பருவப் புழுவின் தோல்மேல் வெள்ளையாக ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். சில நாளில் முட்டை பொரிந்து, வெளிவரும் சிறு புழு தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். துளைத்த இடத்தில் ஒரு கரும்புள்ளி. அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் நாங்கள் கண்டுபிடிப்போம். பட்டுப்புழு உடனே சாகாது. இலை தின்றுகொண்டேதான் இருக்கும், உள்ளே அதை இன்னொன்று தின்றுகொண்டிருக்கும். வயிறு நிறைந்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முட்டை விழுந்தது கடைசி நாட்களில் என்றால், பட்டுப்புழு பாவம், கூட்டையும் கட்டி முடித்துவிடும். ஈயின் புழு அந்தக் கூட்டை ஓட்டை போட்டுக்கொண்டு வரும். ஓட்டை விழுந்த கூட்டில் நூல் இழுக்க முடியாது. தருமபுரி ஏல அங்காடிக்கு எடுத்துப்போகும் முன்பே அவற்றைப் பொறுக்கிக் கழித்துவிடுவோம்.

ஊசி ஈயை அடக்க நெசோலின்க்ஸ் தைமஸ் என்று ஒரு பொடிக் குளவியை மனைக்குள் விடச் சொல்கிறார்கள். அந்தக் குளவி ஊசி ஈயின் கூட்டுப்புழுவின்மேல் முட்டை வைக்கும். குளவியின் குஞ்சுகள் ஈயைத் தின்னும்.

1860-ல் டார்வின் தன் நண்பர் ஏசா கிரேவுக்கு எழுதிய கடிதத்தில் இதே மாதிரி ஒட்டுண்ணிக் குளவியைத்தான் பேசுகிறார். கம்பளிப்புழுவின் உயிருள்ள உடம்புக்குள் இருந்து தின்னும்படி ஓர் உயிரை, கருணையும் எல்லா வல்லமையும் கொண்ட கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டு முன்னால்தான் அவருடைய மகள் ஆனி பத்து வயதில் நோயில் இறந்திருந்தாள். ஏசா கிரே ஆழ்ந்த பக்தர், தாவரவியலாளர், டார்வினுக்கு அமெரிக்காவில் பெரிய ஆதரவாளரும் அவரே. அவர் கடைசிவரை கடவுளை விடவில்லை, டார்வினால் அவரோடு சேர்ந்து நடக்க முடியவில்லை. இருவரையும் நான் மதிக்கிறேன்.

அந்தக் கடிதத்துக்குப் பூர்வ ஜென்ம பலன் என்று பதில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பட்டுப்புழு எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தது? ஒரு குழந்தை காய்ச்சலில் போனால் அதன் தாயிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? எனக்கு இந்தப் பதில் கொடுமையாகத்தான் படுகிறது.

நான் யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடம் இது. டார்வின் இடித்தது, கடிகாரம் செய்கிறவர் மாதிரி ஒவ்வொரு உயிரையும் வரைந்து, அளந்து, பொருத்திச் செய்த கடவுளை. ஐரோப்பாவில் அன்று பலருடைய நம்பிக்கை அந்த அடித்தளத்தில் நின்றது, அதனால் அங்கே வீடே ஆடியது. எங்கள் ஊர் மாரியம்மனை யாரும் அப்படி ஒரு தச்சராக நினைத்துக் கும்பிட்டதில்லை. அவள் அம்மையைத் தருகிறவள், அவளே இறக்குகிறவள். அன்பும் உக்கிரமும் ஒரே முகத்தில் இருக்கிறது. இந்த உலகம் முழுக்க நல்லதாக, நமக்கு வசதியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று அவளை நம்புகிறவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. பயந்தார்கள், வேண்டினார்கள், நன்றி சொன்னார்கள். ஊசி ஈயைப் பற்றி ஒருமுறை ஆற்றாமையில் அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். "அதுக்கும் வவுறுன்னு ஒண்ணு இருக்குதில்லடா" என்று சொல்லிவிட்டு, கரும்புள்ளி விழுந்த புழுக்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். புதுப்புழு விடும் அன்று மனை வாசலில் கற்பூரம் ஏற்றுவதும் அவர்தான்.

பெரியம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கடைசியாக 1975-ல் வந்தது. உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-ல் அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. அம்மைக்கு அம்மன்தான் காரணம் என்பது மட்டுமே அந்தப் பக்தியின் சாரமாக இருந்திருந்தால், 1980-க்குப் பிறகு கோயில்கள் காலியாகியிருக்க வேண்டும். ஆடி மாதம் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள், கேழ்வரகுக் கூழ் அண்டா அண்டாவாகக் காய்கிறது. விளக்கம் போய்விட்டது, வேண்டுதல் நிற்கிறது. நம்பிக்கை விளக்கத்தின்மேல் மட்டும் நிற்கவில்லை என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. என் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த கையோடு கோயிலிலும் நின்றிருக்கிறேன். அங்கே நிற்கும்போது என் மூளையின் ஒரு பாதியை மூடி வைத்துக்கொண்டு நிற்பதாக ஒருபோதும் தோன்றியதில்லை.

இதனால் கடவுள் உண்டு என்று நிரூபணமாகிவிடாது. பரிணாமத்தைக் காட்டிக் கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்று பகுத்தறிவு பேசும் நண்பர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. உயிர்கள் எப்படி இவ்வளவு வகையாயின என்பதற்குப் பரிணாமம் பதில் சொல்கிறது, அழுத்தமாகச் சொல்கிறது. அதற்குமேல் கேட்கும் கேள்விக்கு அதை இழுப்பது நியாயமில்லை.

ஆனால் தங்கச்சி, ஒன்றை நீங்கள் விட்டாக வேண்டும். பிறப்பிலேயே ஒருவன் உயர்ந்தவன், ஒருவன் தாழ்ந்தவன், படைத்தவனின் தலையிலிருந்து ஒருவன் வந்தான், காலிலிருந்து ஒருவன் வந்தான் என்பதும் மதத்தின் பெயரால்தான் சொல்லப்படுகிறது. இது பரிணாமத்தோடு சேராது. சேரவும் கூடாது. இன்று உயிரோடு இருக்கும் மனிதர்கள் அத்தனை பேரும் ஆப்பிரிக்காவில் தோன்றிய ஒரே இனத்தின் வழிவந்தவர்கள். இந்தியாவில் இன்றிருக்கும் கூட்டங்கள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தன, தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை என்பது அதற்குப் பிறகே இறுகியது என்று 2013-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு காட்டியது. சாதிக்காக வெட்டும் குத்தும் நடந்த மாவட்டங்களில் நின்றுகொண்டு இதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்கிறேன். இந்த ஒரு பாடம் மனதில் இறங்கினாலே பரிணாமம் படித்ததற்குப் பலன் உண்டு. 2023-ல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியபோது எனக்கு வந்த கோபத்துக்கு இதுவும் காரணம். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் எடுத்துப்போகிற பிள்ளை இதை எங்கே படிப்பாள்? நல்லவேளை, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது.

வீட்டில் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். தசாவதாரத்தை மறுப்பதில் ஆரம்பிக்காதீர்கள், முதல் வாக்கியத்திலேயே சண்டையாகிவிடும். ஆட்டுக்கு நெல்லிக்காய் தேவையில்லை, நமக்கு மட்டும் ஏன் தேவை என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆடு மாடோடு புழங்குகிறவர்களுக்கு உயிர்களின் உறவு புதிய செய்தி கிடையாது, காது கொடுத்துக் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை விளக்கையும் நிறுத்த வேண்டாம்.