வாக்களித்தும் நிற்காத போர்

கேள்வி: இராக் போர் மீதான வெறுப்பால் 2006 நாடாளுமன்றத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை வெற்றி பெறச் செய்த அமெரிக்க மக்கள், அடுத்த ஆண்டே அக்கட்சியின் மீதும் கோபம் கொண்டது ஏன்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: படைகளைத் திரும்பப் பெறக் காலக்கெடு விதித்து, ஜனநாயகக் கட்சி பெரும்பான்மை பெற்றிருந்த நாடாளுமன்றம் நிறைவேற்றிய போர் நிதி மசோதாவை, 2007 மே 1 அன்று எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அதிபர் புஷ், அப்போரில் மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர் தந்த பேனாவாலேயே கையெழுத்திட்டு நிராகரித்தார். அந்த நிராகரிப்பை மீறி மசோதாவைச் சட்டமாக்க, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். மறுநாள் பிரதிநிதிகள் சபையில் கிடைத்ததோ 222 வாக்குகள்தான், எதிர்ப்பு 203. இதையாவது மக்கள் பொறுத்திருப்பார்கள். ஆனால், அதே மாத இறுதிக்குள் காலக்கெடுவே இல்லாத நிதி ஒதுக்கீட்டை நாடாளுமன்றம் நிறைவேற்றிக் கொடுத்தபோதுதான் கொதிப்பு எழுந்தது. நிதியை மறுக்கும் அதிகாரம் கையில் இருந்தும், படைவீரர்களைக் கைவிட்ட பழி வந்துவிடுமே என்று அக்கட்சி அஞ்சிப் பின்வாங்கியதை என்னால் ஏற்க முடியவில்லை; அந்த ஓராண்டில் மட்டும் 900 அமெரிக்க வீரர்கள் வரை அங்கே உயிரிழந்தனர், இராக்கிய மக்களின் இழப்போ அதைவிடப் பல மடங்கு.