வாசகர் கேள்வி: சொந்தப் பட்டறையும் பொன் கணக்கும்

கேள்வி: திருகோணமலை நகரிலுள்ள ஒரு நகைக்கடையின் பட்டறையில் எட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். இப்போது வீட்டு முன்னறையிலேயே நகை செய்தும் திருத்தியும் கொடுக்கிறேன். கூலியை எவ்வாறு தீர்மானிப்பது? பொன் குறைந்துவிட்டது என்ற பேச்சு எழாமல் எவ்வாறு காத்துக்கொள்வது?
– வாசகர், உப்புவெளி

பதில்: புதிய நகைக்குப் பவுன் கணக்கில் கூலி பேசுவது வழக்கம், திருத்த வேலைக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. தோட்டுச் சுரை (தோட்டின் திருகுக் குழல்) ஒன்றை மாற்றுவதில் கால் கிராம் பொன்கூடச் செல்லாது, ஆனால் பழைய சுரையை அகற்றி, மரை (திருகுப் புரி) பார்த்து, கல்லில் சூடு படாமல் பொடி (பொன்னை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து ஊதி, மெருகிட்டு முடிக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லக்கூடும். ஆகவே நேரத்தையும் கல்லுக்குள்ள ஆபத்தையும் பார்த்துக் கூலியைச் சொல்லுங்கள். வேலையைத் தொடங்கும் முன்னரே சொல்லுங்கள்.

பொன் கணக்கைப் பற்றி விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் தனித் தொழிலாளிக்குக் கடையின் பெயர்ப்பலகை இல்லை. அவருடைய தராசு மட்டுமே உண்டு. பத்து மில்லிகிராம் வித்தியாசத்தையும் காட்டும் தராசொன்றை வாடிக்கையாளர் எண்ணைப் படிக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நகையை வாங்கும்போதே நிறை, மாற்று (பொன்னின் தூய்மை), கற்களின் எண்ணிக்கை, முன்பே இருந்த வெடிப்பு ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள்.

மாற்றுக் கணக்கில்தான் அறியாமலே பெரிய பிழை நேர்கிறது. ஒருவர் 8 கிராம் நிறையுள்ள 24 கரட் பொன்னைத் தந்து, நீங்கள் 8 கிராம் நிறையுள்ள 22 கரட் சங்கிலியைக் கொடுத்தால், தராசு சரியாகவே காட்டும். ஆயினும் ஏறத்தாழ 0.67 கிராம் தூய பொன் உங்கள் பட்டறையில் தங்கிவிடுகிறது. அந்த 8 கிராமுடன் செம்பும் வெள்ளியும் சேர்த்து 22 கரட்டாக்கினால் 8.72 கிராமுக்குச் சற்று மேல் வரும். இந்தக் கணக்கை வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் எழுதிக் காட்டுங்கள். அதன் பின்னர் சேதாரத்தைப் பேசுங்கள். அராவல் தூளும் அவருடைய பொன்னே என்பதால், சேதாரமென்று ஒப்புக்கொண்ட அளவுக்கு மேற்பட்டதைத் திருப்பிக் கொடுப்பதுதான் நேர்மை என்பது என் உறுதியான கருத்து.

இன்னுமொன்று: தாலிக்கொடி திருத்த வந்தால், மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள். மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு திண்ணையில் காத்திருக்கும் பெண்ணுக்கு ஓர் இரவுகூட நீண்டதாகும். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கலுக்கு மாப்பிள்ளை வீட்டார் யாரை அழைப்பார்கள் என்பதும் பெரும்பாலும் இத்தகைய வேலைகளால் உண்டாகும் நம்பிக்கையைப் பொறுத்ததே.

கேள்வி: அம்மாவின் பழைய கல் அட்டியலை அழித்து, என் மகள்மார் இருவருக்கும் சங்கிலி செய்யக் கொடுத்தேன். உருக்கிய பின்னர் நிறை மிகவும் குறைந்துவிட்டதாகத் தொழிலாளி சொல்கிறார். ஏமாற்றப்பட்டேனா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: அவ்வாறு உடனே முடிவு செய்யாதீர்கள். பழைய கல் நகைகள் பலவற்றில் கற்களுக்குக் கீழேயும் குழிவான பாகங்களுக்குள்ளேயும் அரக்கு நிரப்பியிருப்பார்கள். முழு நகையை நிறுத்தபோது கல்லும் அரக்கும் பல ஆண்டு அழுக்கும் சேர்ந்தே நின்றிருக்கும். உருக்கும்போது அரக்கு எரிந்துவிடும். முன்பு திருத்தியபோது வைத்த பொடியும் உருகிக் கலப்பதால், மாற்றும் சிறிது இறங்கும்.

கழற்றிய கற்களைக் கேட்டு வாங்கி நிறுத்துப் பாருங்கள். எனினும், கற்களைக் கழற்றி அரக்கை நீக்கிய பின்னர், உருக்குவதற்கு முன்னர், உங்கள் கண்முன்னே இரண்டாம் முறை நிறுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லையென்றால் அவர்மீது குறை உண்டு. அதைத் தயங்காமல் கேளுங்கள். தாயின் நகையை அழிப்பது எளிய மனத்துடன் செய்யும் காரியமன்று, அந்த மனத்துக்கு விளக்கம் சொல்ல வேண்டியது தொழிலாளியின் கடமை.

கேள்வி: கேட்மியம் கலந்த பொடி இலகுவாக ஓடுகிறது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு பயன்படுத்தலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம். கேட்மியம் 767 பாகை செல்சியசிலேயே கொதித்து ஆவியாகும். துணி அந்தப் புகையைத் தடுக்காது. அது நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேட்மியம் இல்லாத பொடிகள் கிடைக்கின்றன. அவை சற்று அதிக சூடு கேட்கும், ஊதும் கைக்குச் சில நாள் பழக்கம் வேண்டும். வீட்டு அறையில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஊதுகிறீர்களானால், பொடியை இன்றே மாற்றிவிடுங்கள்; புகை வெளியே செல்லும்படி யன்னலோரம் அடுப்பை நகர்த்துங்கள்.