ரசிகர் குழுவில் அரசியல் பேசலாமா? திருப்பூரிலிருந்து ஒரு பதில்

கேள்வி: எங்கள் கிரிக்கெட் ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் போராட்டம், தேர்தல், நாட்டு நடப்பு என்று எதையும் விட்டுவைப்பதில்லை. விளையாட்டு ரசிகர்களுக்கு இது தேவையா? அட்மின் தடுக்க வேண்டுமா?

தடுக்க வேண்டாம். தடுத்தாலும் நிற்காது என்பது சின்னக் காரணம். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒருவர் எழுதுவதை இன்னொருவர் கடைசி வரி வரை படிக்கும் இடம் நம் பக்கத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை என்பது பெரிய காரணம். கட்சிக் குழுவில் மாற்றுக் கட்சிக்காரர் கிடையாது. குடும்பக் குழுவில் காலை வணக்கமும் காதணி விழா அழைப்பிதழும்தான். தொழில் குழுவில் வாயைத் திறந்தால் ஆர்டர் போய்விடும். ரசிகர் குழுவில்தான் தி.மு.க., அ.தி.மு.க., பா.ஜ.க., நாம் தமிழர், எதிலும் சேராதவர் என்று அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபித்துக்கொண்டு வெளியேறவும் மனம் வராது. இரவு ஏழரை மணிக்கு ஆட்டம் இருக்கிறதே, அதைத் தனியாகப் பார்த்துத் தொலைக்க முடியுமா?

நான் திருப்பூரில் பனியன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுத் தடை முடிந்து சென்னை அணி 2018-இல் ஐ.பி.எல்.-க்குத் திரும்பியபோது எங்கள் குழு தொடங்கியது. கொடுமுடியில் மஞ்சளும் கரும்பும் பயிரிடும் அண்ணன் ஒருவர், கோவை கணபதியில் மோட்டார் பம்பு உதிரி பாகங்களுக்கு லேத் ஓட்டுபவர், பவானியில் ஜமுக்காளத் தறி வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், ஈரோட்டில் கல்லூரி ஆசிரியை, மற்றபடி என்னைப் போலப் பனியன் தொழிலில் பிழைப்பவர்கள். ‘அரசியல் வேண்டாம்’ என்று குழுவின் முகப்பிலேயே போட்டிருந்தோம். ஏப்ரல் 10-ஆம் தேதி, சேப்பாக்கத்தின் முதல் ஆட்டத்தோடு அந்த விதி செத்துப்போனது.

பின்னணி மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கர்நாடகம் நமக்குத் திறந்துவிட வேண்டிய நீர் 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. தீர்ப்பைச் செயல்படுத்தும் அமைப்பை உருவாக்க மத்திய அரசுக்கு ஆறு வாரம் கெடு. கெடு கடந்தும் மத்திய அரசு அசையவில்லை. மாநிலம் கொதித்துக்கொண்டிருக்கும்போது சேப்பாக்கத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பதா என்று போராட்டம் கிளம்பியது. ஆட்டம் எப்படியோ நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. கொல்கத்தா எடுத்த 202 ரன்னைச் சென்னை விரட்டிப் பிடித்தது. அதை முழுசாகக் கொண்டாடுவதற்குள், மீதமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேக்குப் போகின்றன என்ற செய்தி வந்துவிட்டது.

முதலில் வெடித்தது எங்கள் பனியன் தம்பிதான். சேப்பாக்கம் நடைபாதை வியாபாரிகளுக்காக மஞ்சள் டி-ஷர்ட் அடித்து, பேக்கிங் முடித்து, மூட்டை கட்டி வைத்திருந்தான். துணி கடனுக்கு எடுத்தது. ‘காவிரிக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்? தியேட்டரை மூடச் சொல்வதுதானே?’ என்று கேட்டான். (தயாரிப்பாளர்களின் வேலைநிறுத்தத்தால் அப்போது தியேட்டர்களுக்குப் புதுப் படமே வரவில்லை. அது தனிக் கதை.) ‘போராடியவர்களுக்கு டிவியில் முகம் வந்தது, எனக்கு வட்டி வந்தது’ என்று அவன் எழுதியதற்கு யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

கொடுமுடி அண்ணன் அன்று ராத்திரி ஒரு நீண்ட குரல் பதிவு போட்டார். அதன் சாரம் இது: ‘என் வயலுக்கு வருவது காலிங்கராயன் வாய்க்கால் தண்ணீர். அது பவானி ஆறு காவிரியில் கலப்பதற்கு முன்பே பிரிகிற தண்ணீர். மேட்டூரில் திறந்தாலும் மூடினாலும் நேரடியாக எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கோர்ட் கணக்கில் பவானியும் காவிரிக்குள்தான் வருகிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419 டி.எம்.சி.யாக இருந்தது, இப்போது 404.25. குறைந்துபோனதை யாரோ ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும். தஞ்சாவூர்க்காரர் மட்டும் தாங்குவார் என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.’

திருப்பூர்க்காரர்களான எங்களுக்கு அதுவரை காவிரி என்றால் டெல்டா. நொய்யல் கரையில் பிறந்து, சாயத்தண்ணீரைப் பார்த்து வளர்ந்து, ஆறு என்றாலே வேறு யாரோ ஒருவருடைய விஷயம் என்று பழகிப்போன கூட்டம் நாங்கள். லேத் பட்டறைக்காரர் ‘ஒரு டி.எம்.சி. என்பது எவ்வளவு?’ என்று கேட்டார். நூறு கோடி கன அடி என்று ஆசிரியை சொன்னார். குறைத்ததற்கு நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் அவரே எடுத்துப் போட்டார்: நம் பக்கத்து நிலத்தடி நீர் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தார்கள், பெங்களூருவின் குடிநீர்த் தேவைக்கு 4.75 ஒதுக்கினார்கள். பெங்களூருவில் மகன் வேலை பார்க்கும் ஒருவர் அதற்குப் பிறகு கொஞ்சம் அடக்கி வாசித்தார்.

தம்பி தன் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை, அண்ணனும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் இருவரும் தங்கள் கைக்காசு போவதைப் பற்றிப் பேசினார்கள். டிவி விவாதத்தில் உட்காருகிறவருக்கு விவாதம் முடிந்து வீட்டுக்குப் போனால் எதுவும் குறையாது. இங்கே ஒருவனுக்கு மூட்டை தேங்குகிறது, இன்னொருவருக்கு வாய்க்கால் வற்றலாம் என்ற பயம். இப்படிப்பட்ட பேச்சை ‘அரசியல்’ என்று சொல்லி அட்மின் அழித்திருந்தால் எனக்குக் காலிங்கராயன் வாய்க்கால் எங்கே பாய்கிறது என்றே தெரியாமல் போயிருக்கும். மே 27-இல் சென்னை கோப்பையை வென்றது, ஜூன் 1-இல் அந்த அமைப்பு, காவிரி மேலாண்மை ஆணையம் என்ற பெயரில் அரசிதழில் வந்தது. ஜூலையில் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. கோப்பை வந்த கையோடு தம்பியின் மூட்டைகளும் காலியாயின. அதற்கு அவன் நன்றி சொன்னது தோனிக்கு மட்டும்தான்.

எல்லா விவாதமும் இந்தத் தரத்தில் இருக்காது. வீரர்கள் அரசியல் பேசலாமா என்ற பட்டிமன்றம் எனக்குச் சலித்துவிட்டது. 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானத்தில் மாணவர்கள் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்தபோது அஸ்வினும் விஸ்வநாதன் ஆனந்தும் ஆதரவாகப் பதிவிட்டார்கள். ‘வீரன் என்றால் இப்படிப் பேச வேண்டும்’ என்றவர்கள், 2021 பிப்ரவரியில் விவசாயிகள் போராட்டத்தின்போது டெண்டுல்கரும் மற்றவர்களும் அரசுத் தரப்பின் ஹேஷ்டேக்கோடு வரிசையாகப் பதிவிட்டதும் ‘மட்டையைப் பிடிக்கிற வேலையைப் பார்’ என்றார்கள். எதிரணி இதை அப்படியே திருப்பிப் போட்டுச் சொன்னது. வீரர் பேசலாமா என்பது யாருக்கும் உண்மையான கேள்வி இல்லை. நான் நினைப்பதைப் பேசுகிறாரா என்பதுதான் கேள்வி.

ஒரே ஒரு தடவை இந்தப் பட்டிமன்றம் உருப்படியாக நடந்தது, அதுவும் மழையின் தயவால். 2023 மே 28. டெல்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பு நாளில், மல்யுத்தச் சம்மேளனத் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி, அதை நோக்கிப் பேரணியாகப் போன மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் தரதரவென இழுத்துச் சென்றது. அன்று மாலைதான் ஆமதாபாத்தில் ஐ.பி.எல். இறுதிப் போட்டி. மழை கொட்டியதால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போக, எங்களுக்கு வேறு வேலை இல்லாமல் போனது. கிரிக்கெட் வீரர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று வினேஷ் போகாட் ஏப்ரலிலேயே கேட்டிருந்தார். குழுவில் வழக்கமாகப் பேசாத பெண்கள் அன்று பேசினார்கள். ‘பதக்கம் வாங்கிய பெண்ணின் புகாருக்கே இந்தக் கதி என்றால், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண் யாரிடம் போவாள்?’ என்று ஒருவர் எழுதினார். ஆண்களில் பாதிப் பேர் மழை நின்றுவிட்டதா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். சில நாள் கழித்து 1983 உலகக் கோப்பை அணியினர் ஆதரவு அறிக்கை விட்டார்கள், கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த ரோஜர் பின்னி அதில் தனக்குப் பங்கில்லை என்று விலகிக்கொண்டார். அதற்குள் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கவனம் போன இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்தல் வந்தால் குழு உடையும் என்று பயப்படுகிறீர்களா? 2024 ஏப்ரல் 19-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு, கோவைத் தொகுதியில் அண்ணாமலை நிற்கிறார், காலையிலிருந்து மை வைத்த விரல்களும் வசவுகளுமாகக் குழு நிறைந்தது. சாயங்காலம் லக்னோவில் சென்னைக்கு ஆட்டம். கே.எல். ராகுல் 82 அடித்தார், எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். பத்து மணிக்கெல்லாம் மூன்று கட்சிக்காரர்களும் ஒரே குரலில் நம் பந்துவீச்சாளர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல சமாதானக் குழுவை எந்த அரசாங்கமும் அமைக்க முடியாது.

எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்தது 2025 செப்டம்பரில். அமெரிக்காவின் 50 சதவீத வரி ஆகஸ்ட் 27-இல் அமலுக்கு வந்திருந்தது. பையர்கள் ஷிப்மெண்டை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். என் பட்டறையில் ஷிப்டு குறைந்தது. அந்த நேரத்தில் குழு எதைப் பற்றிப் பேசியது தெரியுமா? செப்டம்பர் 14-இல் துபாயில் நம் வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களோடு கை குலுக்காமல் போனதைப் பற்றி. பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட வலி பொய்யில்லை, குலுக்காதது சரி என்பவர்களின் கோபமும் பொய்யில்லை. 1999 ஜனவரியில் 12 ரன்னில் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தானுக்குச் சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியதை ஆசிரியை நினைவுபடுத்தினார். ‘அது கார்கிலுக்கு முன்பு’ என்றான் ஜமுக்காளப் பையன். அதே மாதம் டெல்லி மைதானத்தின் பிட்ச்சைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள், அப்போதும் ஊர் அமைதியாக ஒன்றும் இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்தார். நல்ல வாதம்தான். ஆனால் வரியால் நேரடியாக அடிபட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. கடன் இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்ற கூச்சம். துபாயில் யார் கையை யார் பிடித்தார் என்று பேசுவதற்கு அந்தக் கூச்சம் தேவையில்லை அல்லவா?

அட்மின் எதைத் தடுக்க வேண்டும் என்றால், வெறும் ஃபார்வர்டைத் தடுக்கட்டும். சொந்தமாக இரண்டு வரி எழுதாமல் அனுப்பப்படும் காணொளி எங்கள் குழுவில் அழிக்கப்படும், எந்தக் கட்சிக்குச் சாதகமாக இருந்தாலும் சரி. பிறப்பை வைத்துத் திட்டுகிறவருக்கு எச்சரிக்கை கிடையாது, நேராக வெளியே. 2021 உலகக் கோப்பையில் பாகிஸ்தானிடம் தோற்ற அன்று முகமது ஷமியின் மதத்தை இழுத்து நாடெங்கும் ஏசினார்களே, எங்கள் குழுவிலும் ஒரு குரல் எழுந்தது. அவர் இப்போது குழுவில் இல்லை. டாஸ் போட்டதிலிருந்து கடைசிப் பந்து வரை ஆட்டம் மட்டும் என்பது இன்னொரு விதி, அதை மீறுவது பெரும்பாலும் நான்தான்.

இவ்வளவு பெருமை பேசிவிட்டு ஒன்றை மறைத்தால் அழகில்லை. எங்கள் குழுவில் பேசாத அரசியல் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் சின்னப்பம்பட்டி நடராஜன் ஆஸ்திரேலியாவில் இந்திய உடுப்பில் இறங்கினார், அடுத்த மாதமே பிரிஸ்பேனில் டெஸ்டும் ஆடினார். ‘நம் சேலத்துப் பிள்ளை’ என்று குழு ஆனந்தக் கூத்தாடியது. ஊர் திரும்பியவரை ரதத்தில் ஏற்றி அழைத்துப்போன காணொளியை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போட்டிருப்பார்கள். அதற்கு நடுவில் ஒருவர் கேட்டார்: ‘என்ன ஆட்கள் என்று விசாரித்தீர்களா?’ கெட்ட எண்ணத்தில் கேட்டதாகக்கூடத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு வாடகைக்குக் கேட்டாலும், சம்பந்தம் பேசினாலும், டீக்கடையில் புது ஆள் உட்கார்ந்தாலும் வரும் கேள்விதான். யாரும் பதில் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. யாரோ ஒரு யார்க்கர் காணொளியைப் போட்டார்கள், பேச்சு மாறிவிட்டது.

காவிரியும் கட்சியும் பாகிஸ்தானும் நாள்கணக்கில் ஓடும் குழுவில் சாதி என்றதும் ஒரு நிமிடத்தில் பேச்சு மாறுகிறது. மற்றதில் எல்லாம் நாங்கள் சண்டை போட்டுவிட்டு ஏழரை மணிக்குச் சேர்ந்துவிடுவோம். இதைப் பேசத் தொடங்கினால் சேர்வோமா என்பதில் எங்களுக்கே நம்பிக்கை இல்லை, அதனால்தான் தொடுவதில்லை என்று நினைக்கிறேன். ஃபார்வர்டு விதி இதற்கு உதவாது. அட்மினாக என்ன செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. கொங்குப் பக்கத்தில் எந்த ரசிகர் குழுவிலாவது இதை உடையாமல் பேச முடிந்திருக்கிறது என்றால், யார் எப்படித் தொடங்கினார்கள் என்று எழுதுங்கள்.