பிபி பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள், எதுவும் மாறவில்லை: பதில்

முதல் வாரம் பேச்சே வேண்டாம், மாணவிகளைக் கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். வியாசர்பாடியில் உங்கள் இரண்டாம் ஆண்டு மாணவிகள் சார்ட் காட்டி உப்பு, பிபி என்று பேசுகிறார்கள், பெண்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

தகவல் சொன்னாலே நலமேம்பாடு (மக்கள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே மேம்படுத்த உதவும் வேலை) முடிந்தது என்று மாணவிகள் நினைப்பதுதான் அநேகமாகக் காரணம். நலமேம்பாட்டுக்கு வழிகாட்டும் சர்வதேச ஆவணமான 1986 ஒட்டாவா சாசனம் சொல்லும் ஐந்து செயல்களில் தனிமனிதத் திறன் வளர்ப்பது ஒன்றே ஒன்று. ஆதரவான சூழல், சமூகத்தின் கூட்டுமுயற்சி போன்ற மற்றவை எல்லாம் பரீட்சை மனப்பாடத்தோடு நின்றுவிடுகின்றன. எனக்கு இதில்தான் வருத்தம்.

இதைச் செய்து பாருங்கள். "மாசம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குறீங்கக்கா?" என்று கேட்கட்டும். பெரியவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் இரண்டு தீர்கிறது என்றால் அந்த அக்காவே கணக்குப் போட்டுவிடுவார். வீட்டில் யாருடைய ருசிக்காக உப்பு போடுகிறார் என்பதும் அப்போது வெளியே வரும். அடுத்த பேச்சு அவரிடம். அதன் பிறகு தெருவின் மகளிர் குழுவிடம் போகலாம்.

கணக்கு தோராயம்தான். மீன் கழுவுகிற உப்பும் பாக்கெட்டில் சேரும், கருவாடும் அப்பளமும் சேராது.

ஒரு எச்சரிக்கை: சோடியம் குறைந்த உப்புக்கு மாறுங்கள் என்று மாணவிகள் தாங்களாகச் சொல்லக் கூடாது. அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. டாக்டர் சொன்னால் மட்டுமே.