உத்தரவாதம் வங்கிக்கு, பிரீமியம் வாங்குபவருக்கு

கேள்வி: மகன் அமெரிக்காவில் எஃப்.எச்.ஏ. (வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அரசு அமைப்பு) கடனில் வீடு வாங்கப் பார்க்கிறான். அரசே உத்தரவாதம் கொடுக்கும்போது அவன் ஏன் பிரீமியம் கட்ட வேண்டும்?

பதில்: அந்த உத்தரவாதம் கடன் கொடுக்கும் வங்கிக்குத்தான். 1934-இல் உருவான எஃப்.எச்.ஏ. வீடு வாங்குபவருக்குக் கடன் தருவதில்லை. தவணை நின்றுபோய் வீடு ஏலத்துக்குப் போனால் வங்கியின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. அந்தப் பணம், கடன் வாங்கிய எல்லோரிடமும் வசூலித்த பிரீமியம்.

3,00,000 டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். 3.5% முன்பணம் 10,500 டாலர், கடன் 2,89,500. முன்கட்டண பிரீமியம் 1.75%, அதாவது 5,066 டாலர். பெரும்பாலோர் இதைக் கையிலிருந்து கட்டாமல் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கும் முப்பது வருடம் வட்டி ஓடும். ஆண்டு பிரீமியம் 0.55%, முதல் வருடம் மாதத்துக்கு 130 டாலருக்குச் சற்று மேல்.

பலர் ஏமாறுவது இங்கேதான். 'கடன் கொஞ்சம் குறைந்ததும் பிரீமியம் நின்றுவிடும்' என்று நினைக்கிறார்கள். முன்பணம் 10%-க்குக் கீழே இருந்தால் கடைசித் தவணை வரை கட்ட வேண்டும். 10% போட்டால் 11 வருடம். இடையில் விடுபட, கடனை அடைக்க வேண்டும் அல்லது சாதாரண வீட்டுக் கடனுக்கு மாற வேண்டும். புதிய வட்டி அதிகமென்றால் மாறுவதில் லாபமில்லை.

இன்னொன்றை முதலில் பாருங்கள்: மகனிடம் கிரீன் கார்டு இருக்கிறதா? 2025 மே 25 முதல், எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு எஃப்.எச்.ஏ. கடன் இல்லை. கிரெடிட் ஸ்கோர் 580-க்குக் கீழே என்றால் 3.5% முன்பணம் போதாது, 10% வேண்டும்.

கேள்வி: நஷ்டம் கைமீறினால் யார் தலையில் விழும்?

பதில்: முதலில், பிரீமியம் சேரும் எஃப்.எச்.ஏ. காப்பீட்டு நிதியின் தலையில். உத்தரவாதம் கொடுத்த தொகையில் குறைந்தது 2% கையிருப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். 2009-இல் அது அதற்குக் கீழே சரிந்தது; 2012 மதிப்பீட்டில் பூஜ்யத்துக்கும் கீழே. 2013 செப்டம்பரில் கருவூலத்திலிருந்து சுமார் 170 கோடி டாலர் எடுக்க வேண்டியதாயிற்று; எஃப்.எச்.ஏ. வரலாற்றில் அதுவே முதல்முறை. முதியோருக்கான தலைகீழ் அடமானக் கடன்களின் (வீட்டின் பேரில் பணம் வாங்கி, மாதத் தவணை கட்டாமல் கடைசியில் அடைக்கும் கடன்) நஷ்டத்துக்கு இதில் பெரும் பங்கு.

கருவூலம் கொடுத்தது ஒரு முறைதான். கடன் வாங்குபவர்களோ தொடர்ந்து கொடுத்தார்கள். ஆண்டு பிரீமியம் 2013-இல் 1.35% வரை ஏறியது. அதுவரை கடன் பாக்கி வீட்டு மதிப்பில் 78%-க்கு இறங்கியதும் பிரீமியம் நின்றுவிடும். அந்த ஜூனில் அந்தச் சலுகையும் போயிற்று. விகிதத்தை 2015-இல் 0.85%, 2023-இல் 0.55% என்று குறைத்தார்கள். கடைசி வரை கட்டும் விதியில் மட்டும் கைவைக்கவில்லை.